கரைத்தீவும் இலத்திரனியற் றொழிலும்

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலே கரைத்தீவு என்றோர் ஊர் உண்டு. சுவாமி விபுலாநந்தரைத் தந்த கரைத்தீவு கீழ்க்கரையிலுள்ளது, இது மேற்கரையினது. பெயரொற்றுமையன்றி இரண்டிற்கும் வேறு தொடர்பில்லை. ஆயினும், துறவு பூணுமுன் மயில்வாகனனாராக விளங்கிய அடிகளார், கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிலே பயின்று 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர் என்பது ஈண்டு நினைக்கற்பாலது. கடலோரத்துப் பிள்ளைக்குத் தொழிற்கல்வி என்பது அக்காலத்திற் கொழும்புப் பயணமேயாகும்.

அக்கல்லூரி 1893இல் மருதானையிலே தொடங்கப்பெற்றது. எனினும், இலங்கையில் வானொலித் தொழில் பிறந்த இடம் கல்லூரியன்று, தந்திக் கந்தோரேயாம். 1921இல் தந்தித் திணைக்களத் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட யேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே ஒலிபரப்பி அமைத்தார் என்பர். கிராமபோன் இசைத்தட்டுக்களே முதலில் ஒலித்தன. 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. ஹார்ப்பரின் பெயர் வரலாற்றில் நின்றது. அவரோடு நின்று கம்பிச் சுருள் சுற்றி, மின்கலம் பேணிய உள்ளூர்க் கைகளுக்கு அப்பேறு கிட்டவில்லை.

அன்றைய வானொலியிலே வால்வுகள் ஒளிர்ந்தன. ஒளி மங்கினாற் பழுது இன்னதென ஒருவாறு ஊகித்தல் கூடும். கண்ணும் கையுமே பாதி ஆசான். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிற்றர் தோன்றியபின் அவ்வொளி மறைந்தது. பழுதும் கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. அளவுகருவியும் சுற்றுப்படமும் இன்றித் தொழில் நடவாதென்ற நிலை வந்தது. 1960இல் கட்டுபெத்தையிலே செயன்முறைத் தொழினுட்ப நிறுவனம் தோன்றியமை காலத்திற்கேற்றதே.

கடற்கரையில் இத்தொழிலுக்குத் தனியிடருண்டு. உப்புக்காற்று பற்றவைத்த ஈயத்தையும் செப்புத் தடங்களையும் அரிக்கும். கொழும்பிலே பத்தாண்டு உழைக்குங் கருவி இங்கே அத்துணைக் காலம் நிலைப்பதரிது. படகிலுள்ள ஆழமானியும் திசைகாட்டுங் கருவியும் நடுக்கடலிலே ஓய்ந்துவிடின் இழப்பு மீனளவில் நில்லாது. ஆதலின், பழுது நீக்குவோன் அண்மையில் இருத்தல் மீனவருக்கு உயிர்க்காப்பு.

வேலை இக்கரைக்கும் வந்துள்ளது. கற்பிட்டித் தீபகற்பத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. இன்று மூன்றலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடையன. அத்தகைய நிலையத்திலே உணரிகளையும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்களையும் பேணுவோர் இரவும் பகலும் வேண்டப்படுவர். ஆனால், வாயிலிலே கேட்கப்படுவது சான்றிதழ். கடையிலே பத்தாண்டு பழகியவனிடம் இருப்பதோ கைத்திறன் மட்டுமே. இவ்விடைவெளியை நோக்கியே தேசிய தொழிற்றகைமை முறையில் முன்கற்றலை ஏற்றல் என்னும் வழி வகுக்கப்பட்டது. அவ்வழியே செல்பவன் வகுப்பிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. செய்த வேலைகளுக்கு ஆதாரங்காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையிலே தொழிலைச் செய்து காட்டல் வேண்டும்.