பொம்மிடி நடைமேடையில் புகை ஓய்ந்த வரலாறு

பொம்மிடி ரயில் நிலையத்துக்கு வெளியே பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். சேலம் – ஜோலார்பேட்டை பாசஞ்சருக்குக் காத்திருக்கும் நாங்கள் அதில்தான் பீடி பற்றவைப்போம். ரயில் பெட்டிக்குள்ளும் புகைதான். எதிர் இருக்கையில் கைக்குழந்தை இருந்தாலும் யாரும் தட்டிக்கேட்க மாட்டார்கள்.

சக பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்று 1989 ரயில்வே சட்டம் சொன்னது. ஆட்சேபிக்கும் துணிச்சல்தான் பலருக்கு இல்லை. 2001 நவம்பரில், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், ரயில் உள்ளிட்ட பொது இடங்களில் புகைக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் புதிய விதிகள். அபராதம் 200 ரூபாய் வரை. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்து அதை முன்னெடுத்த அன்புமணி ராமதாஸ், 2014இல் எங்கள் தருமபுரித் தொகுதி எம்.பி. ஆனார்.

நான் நிறுத்தியது அந்தத் தடைக்குப் பிறகுதான். டீ குடித்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கடன்காரர் வந்துபோன நாளில் தவிப்பு இன்னும் கூடும். ஆனால் அந்த வேகம் சில நிமிடங்களே நிற்கும். சுக்குத் துண்டை வாயில் அதக்கிக்கொண்டு நடைமேடைக் கோடிவரை நடந்து திரும்புவேன், அதற்குள் தணிந்துவிடும். கொஞ்ச நாள் டீக்குப் பதில் மோர் குடித்தேன்.

2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே 1800112356 என்ற இலவச உதவி எண் அச்சாகிறது. விட நினைப்பவர்கள் தனியாகப் போராட வேண்டாம், இன்றே அழையுங்கள்.