மனந்திரும்புதல்

தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் புழங்கும் இச்சொல்லுக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் நிற்பது ‘மெட்டனோயா’. ‘மெட்டா’ மாற்றத்தையும் ‘நூஸ்’ மனத்தையும் குறிக்கும். ஆக, மனம் மாறுதல். கத்தோலிக்கரும் பிறரும் பயன்படுத்தும் திருவிவிலியம் இப்படியே சொல்கிறது. பழைய புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பின் ‘திரும்புதல்’ கிரேக்கத்தைவிட எபிரேயத்துக்கு நெருக்கம். தீர்க்கதரிசிகளின் ‘ஷூவ்’ என்ற வினை, தவறான வழியில் போனவன் வந்த வழியே திரும்புவதுதான்.

லத்தீனில் இது ‘பெனிட்டென்சியா’ ஆயிற்று. அதில் வருத்தமும் தண்டனையும் சேர்ந்து ஒலித்தன. பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் குரு விதிக்கும் பரிகாரத்துக்கும் அதே பெயர். 1517இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இதைப் பற்றியது: விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலே, ஒரு சடங்கோடு முடிவதல்ல.

பாலியல் ஒழுக்கத்தோடு இச்சொல்லை நேரடியாக இணைப்பவர்களில் ஒருவர் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், ‘போர்னேயா’ (பாலியல் முறைகேடு) உள்ளிட்ட பாவங்களைச் செய்தும் மனந்திரும்பாதவர்களுக்காகத் துக்கப்பட நேருமோ என்று அஞ்சுகிறார். ‘போர்னேயா’வைப் பழைய தமிழ் வேதாகமம் இங்கே வேசித்தனம் என்கிறது, பழி முழுவதையும் பெண்மேல் சாய்க்கும் சொல் அது. கிரேக்கச் சொல்லோ ஆணின் முறைகேட்டையும் அடக்கும்.

ஆனால், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை வரும் யோவான் நற்செய்தியில் ‘மெட்டனோயா’ ஓரிடத்தில்கூட இல்லை.