உடைமையும் உரிமமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையின் வரலாற்றைப் பயில்வோர் ஒரு வினாவை எதிர்கொள்வர்: ஒரு பொருளைப் பயன்படுத்துவதும் அதனை உடையவராய் இருப்பதும் ஒன்றாகுமோ? சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களின்கீழ் அம்மலை இருந்தது. 1976-இல் அரசு அவற்றைத் தன்பால் எடுத்துக்கொண்டது. அதுகாறும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அங்கே உழுதனர். ஜாகீர்தாரர்களுக்கு வரி செலுத்தினர். ஆயினும் நிலம் தமதென்று காட்ட அவர்களுட் பெரும்பாலோரிடம் பட்டா இல்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த பழங்குடியினருக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை வழங்க, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வகை செய்தது. அவ்வுரிமை வழித்தோன்றல்களுக்குச் செல்லும். ஆனால் அதனை விற்கவோ பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ இயலாது. உழலாம், விற்கலாகாது!

மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தினுள் நுழைவோம். அங்கும் இவ்வேறுபாடு நிற்கிறது. கணக்கெழுதும் மென்பொருளை விலைக்கு வாங்கியதாக ஆலைக்காரர் எண்ணுகிறார். அவர் வாங்கியது அதனைப் பயன்படுத்தும் இசைவையே. அவ்விசைவின் எல்லையை வரையறுத்துக் கூறும் ஆவணமே உரிமம்.

இவ்வழக்கம் மிகப் பழமையானதன்று. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் கணிப்பொறியோடு நிரல்களையும் தனி விலையின்றியே கொடுத்து வந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், நிரல்களுக்குத் தனிக் கட்டணம் பெறப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் நிரல் விசித்திரமான சரக்கு. நெல்லை விற்றவனிடம் நெல் இராது. நிரலை விற்றவனிடமோ அது குறையாமல் இருக்கும். வாங்கியவனும் நூறு படிகள் எடுத்துவிடலாம். ஆகவே பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இசைவை மட்டும் விற்கும் முறை வேரூன்றியது.

இந்தியாவில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்று, கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்க்கப்பட்டது. கவிதையும் கணக்கு நிரலும் ஒரே வரிசையில் நிற்பது வியப்பே! 1995-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கடுமையானது. திருட்டுப்படி என்று அறிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக ஆதாயத்திற்கன்றிப் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். அரிசி ஆலைக்கு அச்சலுகை பொருந்தாது. முறையாகப் பெற்றவர் காப்புப்படி எடுத்து வைத்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது.

எத்தனை கணிப்பொறிகளில் நிறுவலாம், ஒரே வேளையில் எத்தனை பேர் பயன்படுத்தலாம், உரிமம் எந்நாள் வரை செல்லும், ஆலை கைமாறினால் அதுவும் உடன் கைமாறுமா என்பவற்றை ஆலைக்காரர் முன்னரே படித்தறிதல் வேண்டும். கணக்கர் ஒருவருக்கென வாங்கிய உரிமத்தை எடைமேடையில் இருப்பவரும் கிடங்கில் இருப்பவரும் பங்கிட்டுக்கொள்வது எளிதில் நேரும் பிழை. அதனைச் செய்வோர் பலர் திருடும் எண்ணம் உடையவரல்லர், தாளைப் படியாதவர்.

மாணவர்கள் தம் வீட்டிலேயே காணக்கூடிய சான்றும் உண்டு. 2011 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. முன்னதைப் படியெடுத்து நண்பருக்குக் கொடுக்க உரிமம் இடம் தராது. பின்னதன் கருவான லினக்ஸைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதனைத் திருத்திப் பிறருக்கு வழங்குவோர் மூல நிரலையும் வழங்கியாக வேண்டும் என்று அதன் உரிமமும் கட்டளையிடுகிறது.