பாட்டியின் முறமும் ஹாலி வால்நட்சத்திரமும்



போன வாரம் என் பத்து வயசு மகள், "அப்பா, வால்நட்சத்திரத்துல என்ன இருக்கு?" என்று கேட்டாள். நினைப்பு உடனே மூணாறு எஸ்டேட் லயத்துக்குப் போய்விட்டது. 1986-ல் ஹாலி வந்தபோது எனக்கு எட்டு வயசு. பாட்டி எங்களை வெளியே விடவில்லை. "அது வந்தா ராஜாவுக்கும் ஆகாது, நாட்டுக்கும் ஆகாது" என்றார்.

பாட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. முந்தைய முறை, 1910-ல், படித்தவர்களே பயந்தார்கள். மே 6-ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் இறந்தார். போதாக்குறைக்கு, ஹாலியின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சயனோஜென் என்ற விஷவாயு தெரிந்தது. பூமியோ அதன் வாலுக்குள் புகப் போகிறது! 'வால்நட்சத்திர மாத்திரை' வாங்கி விழுங்கியவர்களும் உண்டு. எங்கள் மலைக்குக் கிழக்கே, கொடைக்கானல் வானாய்வகத்திலும் அப்போது ஹாலியைப் படமெடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு ஒளியிலிருந்து என்ன இருக்கிறது என்றுதான் தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. பயம் புகுந்தது அந்த இடைவெளியில்தான்.

அளந்து சொல்ல 76 வருஷம் ஆயிற்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1985 ஜூலை 2-ல் ஜியோட்டோ விண்கலத்தை அனுப்பியது. அதில் இருந்த அயனி எடைக் கருவிக்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் பால்சிகர் தலைமை.

வால்நட்சத்திரத்திலிருந்து கிளம்பும் வாயுவை வெயிலின் புற ஊதாக்கதிர் தாக்கினால் ஒரு எலக்ட்ரான் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது அயனி. மின்புலம், காந்தப்புலம் வழியே போகும்போது அதன் பாதை வளையும். ஒரே வேகத்தில் வந்தால் லேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக. எங்கே வந்து விழுகிறது என்று பார்த்தால் எடை தெரிந்துவிடும். பாட்டி முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து அரிசி நிற்குமே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான்.

1986 மார்ச் 14-ல் ஜியோட்டோ, விநாடிக்கு 68 கி.மீ. வேகத்தில், ஹாலியின் மையக்கருவுக்கு 596 கி.மீ. அருகே கடந்தது. நெருங்கும் கடைசி விநாடிகளில் ஒரு தூசு மோதிக் கலம் தள்ளாடியது. தொடர்பு அரைமணி நேரம் அறுபட்டு அறுபட்டு வந்தது. ஆனாலும் அதற்குள் கணக்குக் கிடைத்துவிட்டது. இதுவும் கூட இருந்த கருவிகளும் சேர்ந்து சொன்னது: வெளிவரும் வாயுவில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். சயனைடு வகையறா துளியூண்டு.

"பெரும்பாலும் தண்ணியும் தூசியும்தான்டா கண்ணு" என்றேன் மகளிடம்.

ஹாலி மறுபடி 2061-ல் வரும். அப்போது அவளுக்குக் கிட்டத்தட்ட இன்றைய என் வயசு இருக்கும். அவள் பிள்ளைகளை யாரும் வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை.