ஒரு புகைத்துகளின் அட்லாண்டிக் பயணம்

வடக்கு சாம்பியாவில் பெம்பா உழவர்கள் மரக்கிளைகளை வெட்டிக் குவித்துக் காயவிடுவார்கள். மழைக்கு முன் தீ வைத்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். 'சித்தெமெனே' என்று இதற்குப் பெயர். பக்கத்தில் அங்கோலா, காங்கோ புல்வெளிகளிலும் ஜூன் முதல் அக்டோபர் வரை தீ எரிகிறது. உலகில் ஆண்டுதோறும் எரியும் நிலத்தில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. நம் துகளும் அங்கே பிறந்ததுதான்.

பிறக்கும்போது அதன் குறுக்களவு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் கரி, அதைச் சுற்றிக் கரிமப் பூச்சு, கூடவே புல்லிலிருந்து வந்த பொட்டாசியம் குளோரைடு. சுடுகாற்று அதை நான்கைந்து கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிட, கீழைக்காற்று கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. போகிற வழியில் வேதிமாற்றமும் நடக்கிறது: பொட்டாசியம் குளோரைடு மெல்லப் பொட்டாசியம் சல்பேட்டாகிறது.

கரையைத் தாண்டியதும் கீழே குளிர்ந்த கடல். அதன்மேல் தாழ்வான வெண்மேகப் பரப்பு. துகள் இன்னும் அதற்கு மேலேதான் மிதக்கிறது. மேகம் திருப்பி அனுப்பும் வெயிலைக் கரி விழுங்கிக்கொள்வதால் காற்று சூடேறுகிறது. அடியில் மேகம் இல்லாமல் கருநீலக் கடல் மட்டும் இருந்தால் கதை வேறு: வெயிலின் ஒரு பகுதியைப் புகை வானுக்கே சிதறடித்துக் கடலைக் குளிர்விக்கும்.

மேற்கே போகப்போகப் புகை இறங்கும், மேகம் உயரும், இரண்டும் கலந்துவிடும். அங்கே கடலுப்புத் துகள்களும், கடல் நுண்ணுயிர்கள் விடும் வாயுவிலிருந்து உண்டான சல்பேட் துகள்களும் ஏற்கெனவே இருக்கின்றன. புகையும் சேர்ந்தால் நீர் ஒட்டுவதற்கு இடம் பெருகுகிறது. அதே நீர் அதிகத் துளிகளுக்குப் பங்காவதால் துளிகள் சிறுக்கின்றன. மேகம் கூடுதலாக வெளுக்கிறது, தூறல் குறைகிறது. ஆனால் மேகத்துக்குள் புகுந்த கரி அங்கேயும் வெயிலை விழுங்கி, மேகத்தைக் கொஞ்சம் உலர்த்தவும் செய்யும்.

இதை அளக்கத்தான் நாசாவின் விமானங்கள் 2016-இல் நமீபியாவின் வால்விஸ் பேயிலிருந்து பறந்தன. 2017, 2018-இல் சாவோ டோமேயிலிருந்து. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அசென்ஷன் தீவில், தரைமட்டக் காற்றிலேயே கரி அகப்பட்டது. காலநிலை மாதிரிகள் பலவும் புகையைச் சீக்கிரமே தாழ இறக்கிவிடுகின்றன. உயரம் பிசகினால், சூடேற்றுமா குளிர்விக்குமா என்ற கணக்கே தலைகீழாகிவிடும்.

துகளைக் கழுவி இறக்குவது தூறல். அந்தத் தூறலையே புகை குறைத்துவிடுவதால் அதன் ஆயுள் நீள்கிறது. தப்பியவற்றில் சில அமேசான் காடு வரை போய்ச் சேர்ந்து, மண்ணுக்குப் பாஸ்பரஸ் கொடுக்கின்றன.