பிணை நிற்பவர் யார்?

கடன் கேட்டுச் சென்ற நம் முன்னோரிடம், "உனக்குப் பிணை நிற்பவர் யார்?" என்று கேட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. நிலமும் நகையும் இல்லாதார்க்கு அக்கேள்வியே அடைத்த கதவாயிற்று. அமெரிக்க நாட்டு மாற்றுத்திறனாளிகளும் அதே கேள்வியை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடையை நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

மின்விசைச் சக்கர நாற்காலி, செவிக்கருவி, பார்வையற்றோர்க்கு நூலைப் படித்துச் சொல்லும் கருவி முதலியன விலை மிகுந்தவை. அவற்றை வாங்க இயலாதார் வீட்டுக்குள் முடங்கினர். இளம்பிள்ளை வாதத்தால் உடல் செயலிழந்த எட் ராபர்ட்சும் தோழர்களும் 1972-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தற்சார்பு வாழ்வு மையத்தை நிறுவினர். மாற்றுத்திறனாளிகளே நடத்திய அம்மையம் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்த்தும் உதவியது.

அரசு நிதி பெறும் நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டலாகாது என்று 1973-ல் சட்டம் இயற்றப்பட்டது. அதைச் செயற்படுத்தும் விதிகளை வெளியிடக் கோரி, 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரின் நடுவண் அரசுக் கட்டடத்தில் அவர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடி வென்றனர். அவர்களுக்கு நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து தந்தோர் கருஞ்சிறுத்தைக் கட்சியினர். 1972-ல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரை அக்கட்சியைப் பின்பற்றியே சூட்டிக்கொண்டது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

உதவிக் கருவிகளுக்கென்றே 1988-ல் ஒரு சட்டம் பிறந்தது. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் கடனுதவிக்கு வழி வகுத்தது. அரசு நிதி நிலையான வைப்பாக்கப்பட்டது. அதைக் கொண்டு வட்டியைக் குறைக்கலாம். வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கலாம். திரும்பி வந்த தவணையை அடுத்தவர்க்குக் கடனாக வழங்கலாம். இத்திட்டத்தை நடத்தும் பொறுப்பு, எல்லா நிலைகளிலும் மாற்றுத்திறனாளிகள் முடிவெடுப்பதில் பங்கேற்கும் சமூக அமைப்புகளிடமே ஒப்படைக்கப்படவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. 2004-ல் திருத்தப்பட்ட சட்டம், வாங்குமுன் கருவியை இரவலாகப் பெற்றுப் பயன்படுத்திப் பார்க்கும் முறையையும் வலியுறுத்தியது. பொருந்தாத கருவிக்குக் கடன்படும் துன்பம் இதனால் குறைகிறது.

சமூக அமைப்பு இடையில் நிற்பானேன்? வங்கி சம்பளச் சீட்டைத்தான் பார்க்கும். அத்துன்பத்தைத் தாமே பட்டவரோ, நாற்காலி கிடைத்தால் இவர் வேலைக்குச் செல்வார், சென்றால் தவணை கட்டுவார் என்பதை அறிவார். அந்த அறிவே பிணையாகிறது.

நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கடன் வழங்கவென 1997-ல் நடுவண் அரசு ஒரு நிதிக்கழகத்தை நிறுவியது. ஆயினும் படிவம் நிரப்பவும் அலுவலகப் படியேறவும் துணையில்லாதார்க்கு அக்கடன் எட்டாக்கனியே. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் படிப்புக்குத் துணைநின்ற நம் சங்கம் இனி இவர்க்கும் துணைநிற்கவேண்டும். இளைஞர்களே! நம் தெருவில் வீட்டோடு முடங்கியிருப்போர் யாரென்று முதலில் கணக்கெடுப்போம். அவர்க்கு வேண்டிய கருவி யாதெனக் கேட்டறிவோம். பின்னர், அவருடன் வங்கிப் படியேறுவோம். பிணை நிற்பவர் யாரென்று அங்கே கேட்கும்போது, விடை சொல்ல நாம் அருகில் இருப்போம்.