குழந்தைமொழி ஆய்வில் நெடுங்கால நோக்குமுறை: ஒரு வரலாறு

முன்னுரை

மனித வளர்ச்சியை ஆராய்வோர் இருவகை முறைகளைக் கையாள்வர். வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிட்டு நோக்குவது குறுக்குவெட்டு ஆய்வு. அதே மனிதரைக் காலந்தோறும் மீண்டும் மீண்டும் நோக்குவது நெடுங்கால ஆய்வு. முன்னது வயதினரிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும். பின்னது ஒருவரிடத்தே நிகழும் மாற்றத்தைக் காட்டும். ஆங்கிலம் பேசும் குழந்தை 'கோ' என்னும் வினையின் இறந்தகால வடிவத்தைத் தொடக்கத்தில் 'வென்ட்' எனச் சரியாகவே கூறும். பின்னர், பிற வினைகளுக்குரிய இறந்தகால விகுதியை 'கோ' என்பதனோடு சேர்த்து வழக்கில் இல்லாத வடிவம் ஒன்றையும் கூறத் தொடங்கும். நாளடைவில் சரியான வடிவத்திலேயே நிலைபெறும். ஒரு நாள் மட்டும் கேட்டவருக்கு இடைப்பட்ட வடிவம் பிழையாகவே தோன்றும். அது குழந்தை ஒரு விதியைக் கண்டுகொண்டதன் அடையாளம் என்பது தொடர்ந்து கேட்டவருக்கே புலப்படும். இம்முறை வளர்ந்த வரலாறும் அது தரும் சான்றின் வலிமையும் இங்கு ஆராயப்படுகின்றன.

நாட்குறிப்புக் காலம்

ஜெர்மானிய மெய்யியலார் டீட்ரிஷ் டீடெமான், 1781இல் பிறந்த தம் மகனின் வளர்ச்சியைக் குறித்துவைத்து 1787இல் வெளியிட்டார். இத்துறையின் முன்னோடியாகச் சுட்டப்படும் பதிவுகளுள் இது ஒன்று. எனினும், அடுத்த பெருந்திருப்பத்திற்கு ஒரு மொழிபெயர்ப்பே காரணமாயிற்று. பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தேன் ஒரு பெண்குழந்தை மொழி கற்ற விதம் பற்றி எழுதிய கட்டுரை, 1877இல் 'மைண்ட்' என்னும் ஆங்கில இதழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. அதனைப் படித்த சார்ல்ஸ் டார்வின், 37 ஆண்டுகளுக்கு முன் தம் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்பேட்டை மீண்டும் எடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் அதே இதழில் கட்டுரை வரைந்தார். ஓராண்டு நிறைந்தபோது அக்குழந்தை உணவுக்கு 'மம்' என்னும் சொல்லைத் தானே ஆக்கிக்கொண்டது. பின்னர்ச் சர்க்கரையை 'ஷூ-மம்' என்றது. 'பிளாக்' என்னும் சொல்லைக் கற்றபின் அதிமதுரத்தை 'பிளாக்-ஷூ-மம்' என்றது. சொல்லாக்கத்தின் இப்படிநிலைகள் 37 ஆண்டுகளுக்குப் பின்னரும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் தந்தையின் நினைவாற்றல் அன்று. நிகழ்ந்தபோதே எழுதப்பட்ட குறிப்பாகும்.

யேனா பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் வில்லெல்ம் பிரையர் இதனை ஒழுங்கான முறையாக்கினார். தம் மகனை மூன்றாம் ஆண்டு முடியும்வரை நாள்தோறும் காலை, நண்பகல், மாலை என மும்முறை உற்றுநோக்கி, 1882இல் தம் நூலை வெளியிட்டார். கிளாரா ஸ்டெர்ன், வில்லியம் ஸ்டெர்ன் இணையர் 1900 முதல் தம் மூன்று மக்களைப் பற்றியும் குறிப்புகள் எழுதி, குழந்தைமொழி பற்றிய நூலை 1907இல் வெளியிட்டனர். அக்குறிப்புகளுள் பெரும்பகுதி தாயாகிய கிளாராவின் கையெழுத்தில் அமைந்தவை. வெர்னர் லியோபோல்ட், ஜெர்மனும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த தம் மகளின் மொழி வளர்ச்சியை 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்.

நாட்குறிப்பின் குறைபாடு

இப்பதிவுகளுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. பெற்றோர் செவிக்குப் புதிதாகப் பட்டதே ஏட்டில் இடம்பெறும். ஒரு விகுதி முதன்முறை ஒலித்த நாள் பதிவாகும். அது வரவேண்டிய இடத்தில் வாராதுபோன நூறு முறைகள் பதிவாகா. ஆகவே, குழந்தை ஒன்றைத் தொடங்கிய நாளை நாட்குறிப்பு காட்டுமேயன்றி, அதில் தேர்ச்சி பெற்ற நாளைக் காட்டுவதில்லை. மேலும், நோக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் அறிஞர் வீட்டுக் குழந்தைகளாகவே இருந்தனர்.

ஒலிப்பதிவும் எண்ணிக்கையும்

இக்குறையை நீக்க வழிகண்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் பிரவுன். 1962இல் தொடங்கிய அவர்தம் குழுவினர், ஆதாம், ஏவாள், சாரா என்னும் புனைபெயர்கள் இடப்பட்ட மூன்று குழந்தைகளின் வீடுகளுக்குக் குறித்த இடைவெளிகளில் சென்று உரையாடல்களை ஒலிநாடாவில் பதிந்தனர். ஏவாளின் குடும்பம் இடம்பெயர்ந்தமையால் அக்குழந்தையின் பதிவு ஓராண்டு நிறையுமுன்னரே நின்றது. ஆய்வுக்குரியோர் இடையில் விலகுதல் நெடுங்கால ஆய்வின் நீங்காத இடர் என்பதற்கு இதுவே சான்று.

பிரவுன் 1973இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலத்தின் 14 இலக்கண உருபன்களை ஆராய்ந்தார். ஓர் உருபன் கட்டாயம் வரவேண்டிய இடங்களை முதலில் கணக்கிட்டு, அவற்றுள் 90 விழுக்காட்டில் அது வந்தால் மட்டுமே கற்றதாகக் கொண்டார். வாராமையும் இவ்வாறு சான்றாயிற்று. மூவரும் கற்ற வேகம் வேறுபட்டது. கற்ற வரிசையோ பெரிதும் ஒத்திருந்தது. மூன்று குழந்தைகளைக் கொண்டு பொதுமை கூறலாமா என்னும் ஐயத்திற்கு, ஜில் டி வில்லியர்ஸ், பீட்டர் டி வில்லியர்ஸ் இருவரும் 21 குழந்தைகளிடம் நிகழ்த்திய குறுக்குவெட்டு ஆய்வு அதே 1973இல் விடையளித்தது. அங்கும் ஏறத்தாழ அதே வரிசை காணப்பட்டது. இருமுறைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும் துணைகள் என்பது இதனால் பெறப்படும்.

தமிழுக்குரிய வினா

1984இல் பிரையன் மக்வின்னி, கேத்தரின் ஸ்னோ ஆகியோர் 'சைல்ட்ஸ்' என்னும் பொதுத் தரவகத்தைத் தொடங்கினர். பிரவுனின் பதிவுகள் அதில் சேர்ந்தன, ஆர். நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும் திரட்டிய தமிழ்க் குழந்தைத் தரவும் அதில் உள்ளது. ஆயினும், பிரவுனின் பட்டியலைத் தமிழுக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது. ஆங்கிலத்தின் பெயர்முன் அடைகளுக்கு நேரான உருபன் தமிழில் இல்லை. 'பால் குடித்தான்' என இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு வருவது தமிழில் இயல்பு. குழந்தை 'ஐ' உருபை விட்டதெனக் கணக்கிட்டால் பிழையல்லாதது பிழையாகிவிடும். ஆகவே, 'கட்டாயம் வரவேண்டிய இடம்' எதுவெனப் பேச்சுத்தமிழின் இலக்கணத்தைக் கொண்டு வரையறுத்த பின்னரே எண்ணத் தொடங்குதல் வேண்டும். எழுத்துப்பெயர்ப்பாளர் மழலை வடிவங்களை எழுத்துவழக்காகத் திருத்தி எழுதினாலும் தரவு அழியும்.

முடிவுரை

நாட்குறிப்பு, ஒலிநாடா, கணினித் தரவகம் எனக் கருவிகள் மாறிவந்துள்ளன. கேட்டதைக் கேட்டவாறே, கேட்ட நாளோடு பதிதல் என்னும் அடிப்படை மாறவில்லை. அதனோடு, வாராததையும் எண்ணுதல் வேண்டும் என்பது பிரவுனின் ஆய்வு சேர்த்த நெறி. பிற மொழியாய்வுகளிலிருந்து தமிழாய்வு ஏற்கத்தக்கது அவற்றின் முறையே. அவற்றின் பட்டியல் அன்று.